நெறிமுறைக் குழுவால் லஞ்சம் குறையுமா? மின்வாரிய, குடிநீர் வாரிய ஊழியர்களின் கேள்விகள்

கொள்முதல் பிரிவுத் தலைமைப் பொறியாளரையே குழுத் தலைவராகப் போட்டிருக்கிறார்கள். சரியா?

டெண்டரில் கையெழுத்துப் போடுபவரிடமே டெண்டர் புகாரைக் கொண்டுபோய் யார் கொடுப்பார்? மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் தலைமை விஜிலென்ஸ் அதிகாரியை வெளியிலிருந்து கொண்டுவருவது இதனால்தான். கொள்முதலிலும் பில் பாஸ் செய்வதிலும் கை வைக்காத ஒருவரைத் தலைவராக்கச் சொல்லுங்கள். உள்தணிக்கை ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

புது இணைப்புக்கு ‘கவனிக்க’ச் சொல்கிறார் என்று ஒரு நுகர்வோர் வந்தார். அந்த ஊழியரைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா?

கூப்பிடவே கூடாது. அவர் உஷாராகிவிட்டால் பொறி வைக்க வழியில்லை. நுகர்வோரை அன்றைக்கே லஞ்ச ஒழிப்புத் துறைக்கு அனுப்புங்கள். அவர்கள் பினாப்தலீன் என்ற ரசாயனப் பொடி தடவிக் கொடுக்கும் நோட்டைத் தொட்ட கையை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் இளஞ்சிவப்பாகும். ஆனால் பணம் கேட்டதும் நிரூபணமாக வேண்டும். நிறம் மட்டும் கோர்ட்டில் நிற்காது.

வற்புறுத்தலால் ஏற்கெனவே கொடுத்துவிட்டாரா? ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி 7 நாளுக்குள் புலனாய்வு அமைப்பிடம் சொன்னால்தான் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. உங்கள் குழுவிடம் சொன்னது இந்தக் கணக்கில் வராது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மொட்டைக் கடுதாசியை என்ன செய்வது?

மத்திய கண்காணிப்பு ஆணையம் பெயரில்லாத புகார்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை. மத்திய நிறுவன ஊழியர் என்றால், ஒட்டிய உறையின் மேல் ‘பிஐடிபிஐ’ (PIDPI: பொதுநலனுக்காகத் தகவல் தருபவரைப் பாதுகாக்கும் ஏற்பாடு) என்று எழுதி, பெயர், முகவரியை உள்ளே மட்டும் வைத்து ஆணையச் செயலாளருக்கு அனுப்பலாம். மத்திய அரசின் 2004 தீர்மானப்படி பெயர் ரகசியமாக இருக்கும். மாநில வாரியங்களுக்கு இந்த வழி இல்லை. உங்கள் குழுவுக்கு வரும் மொட்டைக் கடிதத்தில் எம்-புக் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கமோ பில் எண்ணோ இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். வெறும் வசவு என்றால் ஃபைலில் போடுங்கள்.

ஒரு வருடமாகப் புகாரே வரவில்லை. குழு தேவையா?

புகார் வராததை நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஸ்டோரின் மூன்று மாத ஆர்டர்களைப் பொருள், தேதி, நிறுவனம், தொகை என்று அடுக்குங்கள். ஒரே கேபிளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு ஆர்டர், இரண்டும் டெண்டர் வரம்புக்குக் கொஞ்சம் கீழே என்றால் டெண்டரைத் தவிர்க்கக் கொள்முதலைப் பிரித்திருக்கக்கூடும். பிரிவு அலுவலகத்தில் இணைப்புப் பதிவேட்டைத் திறந்து, பின்னால் வந்த விண்ணப்பம் முன்னால் போன இடங்களில் காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எந்த அலுவலகம் என்று முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். விடிவதற்குள் பதிவேடு புதிதாக எழுதப்பட்டிருக்கும்.