எங்க மக்ளே போயிட்டு வாற?

அன்புள்ள சார்,

தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வயது 34. அதிகம் பேசாதவள். கல்யாண வீட்டுக்குப் போனால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி மாடிக்குப் போய்விடுவேன்.

ஆனால் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரணியலில் ரயிலேறித் திருவனந்தபுரம் போய், இருட்டுவதற்குள் திரும்பி வருகிறேன். அங்கே எனக்கு யாரையும் தெரியாது. ஒரு வேலையும் கிடையாது. மியூசியம் தோட்டத்தில் உட்காருவேன், சாலை என்கிற கடைத்தெருவில் நடப்பேன், காபி குடிப்பேன். வீட்டில் துணி எடுக்க, கண்ணாடி மாற்ற என்று ஏதாவது பொய் சொல்கிறேன். "நாலு பேர் வந்தா ரூமுக்குள்ள போய்க் கதவ அடைக்கிறவ, அவ்வளவு கூட்டத்துல போய் என்ன செய்யிற?" என்று அக்கா கேட்கிறாள். கூட்டம் பிடிக்காதவளுக்குப் பட்டணம் எப்படிப் பிடிக்கும்? எனக்கே விளங்கவில்லை. அங்கேயே ஒரு வேலை தேடிப் போய்விடலாமா என்றும் தோன்றுகிறது. அக்காவை ஒருமுறை கூட்டிக்கொண்டு போனால் அவளுக்குப் புரியுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

முதலில் அந்தக் கண்ணாடிப் பொய்யை நிறுத்துங்கள். நானும் அப்படி ஒன்று சொல்லி மாட்டிக்கொண்டவன். பல வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது குழித்துறையில் ஏறிய எங்கள் தெருக்காரர் ஒருவர், "எங்க போயிட்டு வாறிய?" என்றார். சும்மா போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மெடிக்கல் காலேஜில் ஒருத்தரைப் பார்க்கப் போனேன் என்றேன். யாரு, என்ன சுகக்கேடு, எந்த வார்டு? நாகர்கோவில் வருவதற்குள் என் நோயாளிக்கு வயது, ஊர், ஆபரேஷன் தேதி எல்லாம் உண்டாகிவிட்டது. மூன்று நாள் கழித்து அவர் மனைவி என் அம்மாவிடம் வந்து துக்கம் விசாரித்தார். அதற்குள் தெருவில் அந்த ஆள் செத்தே போயிருந்தார்.

நம் கன்னியாகுமரி ஜில்லாக்காரர் திருவனந்தபுரம் போவதற்கு ஊர் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் மூன்றுதான். ஆஸ்பத்திரி, கல்யாணத்துக்குத் துணி நகை, கல்ஃபுக்குப் போகிறவரை ஏர்போர்ட்டில் விடுவது. 1956 நவம்பர் 1 வரை அதுதான் நமக்குத் தலைநகரம் என்பதால் அரசாங்கக் காரியம் என்று நாலாவது ஒன்றும் இருந்தது. சும்மா போவதை எந்தக் காலத்திலும் யாரும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டதில்லை. அதனால்தான் பொய் வேண்டியிருக்கிறது. உங்கள் அக்கா கேட்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

இனி, கூட்டம் பிடிக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் சந்தேகம். 2011 கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கமாக ஜனங்கள் வாழும் மாவட்டம் நம்முடையது; சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கும் மேல். களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் வந்தால் எந்த ஊர் எங்கே முடிந்தது என்றே தெரியாது. பிறந்தது முதல் கூட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு முகத்திடமும் உங்களைக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது என்பதுதான் விஷயம். எங்க மக்ளே போயிட்டு வாற? அம்மைக்கு முட்டுவலி எப்பிடி இருக்கு? மெலிஞ்சு போனியே, என்னா? கேட்பவர்களிடம் கள்ளம் இல்லை. நாளைக்கு வீட்டில் ஒரு ஆபத்து என்றால் ஓடி வரப்போவதும் அவர்கள்தான். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சிரிப்பு, ஒரு பதில், திருப்பி ஒரு விசாரிப்பு என்று கொடுக்க வேண்டும். கணக்கு டீச்சர் அல்லவா, ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். சளசளவென்று பேசுகிறவருக்கு அது செலவே இல்லை. நம்மைப் போன்ற மிண்டாப்பூச்சைகளுக்கு, அதாவது வாய் திறக்காத பூனைகளுக்கு, மாலைக்குள் கை காலியாகிவிடும்.

(உள்முகச் சிந்தனையாளர் என்று இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள். ஏதோ பாறைமேல் உட்கார்ந்து தவம் செய்கிறவர் போல இருக்கிறது. எனக்கு மிண்டாப்பூச்சை போதும்.)

பட்டணத்தில் இந்தச் செலவு கிடையாது. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் இதைப் பற்றி எழுதினார். முன்பின் தெரியாத இருவர் தெருவில் எதிரெதிரே வரும்போது ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கிக்கொள்கிறார்கள் இல்லையா, அதை அவர் ஒரு மரியாதை என்று சொன்னார். நீ இருப்பதைப் பார்த்தேன், உன்னிடம் எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை, பயப்படாதே, போ. நம்மூரில் கண்டும் காணாமல் போகிறவன் என்றால் அது வசவு. எழுபது கிலோமீட்டர் தாண்டினால் அதுவே உபசாரம்.

நீங்கள் காபி குடிக்கும் இடம் எது என்று எழுதவில்லை. தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸாக இருந்தால், அந்தக் கட்டடமே நம் போன்றவர்களுக்குக் கட்டியதுதான் என்பேன். செங்கல் கோபுரம், உள்ளே தனித்தனி மாடிகள் இல்லை, ஒரே சரிவு சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே போகிறது, மேசைகள் வெளிச்சுவரை ஒட்டி. வளைவு என்பதால் ஒரு மேசையிலிருந்து நாலைந்து மேசைக்குமேல் கண்ணுக்குத் தெரியாது. கரண்டிச் சத்தம், பேச்சு, விசிறி வைத்த தலைப்பாகையோடு பரிமாறுகிறவரின் நடை எல்லாம் காதில் விழுந்துகொண்டிருக்கும். சுவரின் துவாரங்கள் வழியாகத் தெரு துண்டு துண்டாகத் தெரியும். பீட்ரூட் கட்லெட்டைப் பிட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பவன் தனியாக இருக்கிறானா, கூட்டத்தில் இருக்கிறானா? உங்கள் அக்காவிடம் கேளுங்கள்.

இதைவிட எனக்குப் பிடித்தது கிழக்கேகோட்டையில் இருக்கும் மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம். பத்மநாபசுவாமி கோயில் குளத்துக்கு எதிரே, மணி அடிக்கும்போது தாடிக்காரன் வாயைத் திறப்பான், இரண்டு ஆட்டுக்கடா வந்து அவன் கன்னத்தில் முட்டும். அது முட்டப்போகும் நேரத்துக்கு முன் பத்துப் பதினைந்து பேர் அண்ணாந்து நிற்பார்கள். மாலை கட்டுகிறவர், ஐயப்ப பக்தர், பள்ளிக்கூடத்துப் பையன், நான். முட்டி முடிந்ததும் எல்லோர் முகத்திலும் ஒரே சிரிப்பு, அடுத்த நிமிடம் ஆளுக்கொரு திசை. இப்படி ஒரு நட்பு எனக்குக் கல்யாண வீடுகளில் வாய்த்ததில்லை.

மொழியும் ஒரு வசதி. நமக்கு மலையாளம் புரியும், சாலைக் கடைத்தெருவில் பாதிக் கடைக்காரருக்குத் தமிழ் தெரியும், ஆனாலும் இரண்டு பேரும் கொஞ்சம் குறைத்துத்தான் பேசுவார்கள். அங்கே போனால் நாம் பாண்டி, அதாவது தமிழன். திருநெல்வேலிக்குப் போனால் மலையாளத்தான். எங்கும் பாதி அந்நியனாக இருந்து பழகிய ஜில்லா நம்முடையது.

அங்கேயே வேலை தேடுவதைப் பற்றி. நான் தொடர்ந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், ஆறாவதோ ஏழாவதோ முறை, பரிமாறுகிறவர் நான் கேட்காமலே காபியைக் கொண்டுவந்து வைத்துச் சிரித்தார். சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்குச் சுருக்கென்றது. அடுத்த இரண்டு வாரம் வேறு கடைக்குப் போனேன். பிறகு வெட்கப்பட்டுத் திரும்பி வந்தேன். அதன்பின் அவர் என்னிடம் ஊர் பெயர்கூடக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டான்லி மில்கிராம் என்ற உளவியலாளர் ரயில் நிலையங்களில் தினமும் பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமலே வருடக்கணக்கில் நிற்பவர்களை ஆராய்ந்து, தெரிந்த அந்நியர் என்று பெயர் வைத்தார், 1972இல். நாங்கள் அந்த வகை. ஆனால் அங்கேயே வீடெடுத்துத் தங்கினால் பால்காரர், மாடிவீட்டு அம்மா, ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் என்று ஆறு மாதத்தில் கேள்விகள் தொடங்கிவிடும், மலையாளத்தில். உங்களுக்குப் பிடித்திருப்பது திரும்பி வர டிக்கெட் கையில் இருக்கும் பட்டணம். வேலை நல்ல வேலை என்றால் போங்கள், இதற்காகப் போகாதீர்கள்.

அக்காவைத் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றும் விளக்க வேண்டாம். நேராகச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். அவர் பேரம் பேசி வெளியே வர எப்படியும் இரண்டு மணி நேரம் ஆகும். மேத்தன் மணி அங்கிருந்து நடந்து போகிற தூரம்தான்.