முட்டை குடிக்கும் கோழி: கேள்வி பதில்

கொல்லையிலும் மாடியிலும் நாலைந்து கோழி வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பொள்ளாச்சி: அண்ணா, ஆறு நாட்டுக்கோழி இருக்கு. ஒரு வாரமா முட்டை சரியாகக் கிடைக்கலை. எந்தக் கோழி குடிக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கோழிதானா என்று பாருங்கள் தம்பி. பாம்பு முட்டையை முழுசாக விழுங்கிவிடும், காகம் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டிலும் கூட்டுக்குள் தடயம் இருக்காது. கோழி குடித்தால் வைக்கோல் பிசுபிசுவென்று நனைந்து, மஞ்சள் கரு ஒட்டிக் காய்ந்திருக்கும். ஓட்டையும் சேர்த்தே தின்றுவிடும் என்பதால், ஓடு கிடக்கவில்லை என்பதற்காகக் கோழியை விட்டுவிடாதீர்கள்.

ஆளைப் பிடிக்க, முட்டையிடும் காலை நேரத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கி அலகைப் பாருங்கள். அலகின் ஓரத்திலும் தாடைக்குக் கீழே உள்ள இறகிலும் மஞ்சள் காய்ந்திருந்தால் அதுதான். கிடைத்ததும் தனியாகப் பஞ்சாரத்தில் போட்டுக் கவிழ்த்துவிடுங்கள். ஒன்று குடிப்பதைப் பார்த்து மற்றதும் பழகிக்கொள்ளும்.

மதுரை: சித்திரை வெயில் தொடங்கியதிலிருந்து ஓடு கெட்டியாகாத தோல்முட்டையாக வருகிறது. கோழி உடனே கொத்திக் குடித்துவிடுகிறது. தீனி குருணையும் தவிடும்தான்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பெரும்பாலும் கோழி முட்டையைக் குடிக்கப் பழகுவது தானாக உடைந்த முட்டையில்தான். ஒருமுறை ருசி கண்டுவிட்டால் அப்புறம் நல்ல முட்டையையும் உடைக்கும்.

முட்டை ஓட்டில் நூற்றுக்குத் 95 பங்கு சுண்ணாம்புதான். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி ராத்திரியில். குருணையிலும் தவிட்டிலும் அதற்குப் போதுமான சுண்ணாம்புச் சத்து கிடையாது. கிளிஞ்சலை வாங்கி நொறுக்கி, தனிக் கிண்ணத்தில் எப்போதும் வையுங்கள். மாவாக்க வேண்டாம், குருணை அளவு இருக்கட்டும். அந்தத் துண்டுகள் அரைப்பையில் தங்கி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சாயங்காலம் கோழியே தேடிப் போய்க் கொத்தும், பாருங்கள். முட்டைக்கோழித் தீவனம் வாங்குவதானால் அதில் 3.5 முதல் 4 சதவீதம் கால்சியம் இருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு மட்டும் போடாதீர்கள், சிறுநீரகம் கெட்டுவிடும்.

புரதமும் குறைகிறது. கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தலை, கிடைத்தால் கரையான் கொடுங்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு மெலிகிறது. தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். மத்தியானம் நிழலும், மண்சட்டியில் குளிர்ந்த தண்ணீரும் வேண்டும். தோல்முட்டையோடு பச்சைக் கழிச்சல், கழுத்துத் திருகல் எல்லாம் இருந்தால் அது வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோயாக இருக்கலாம். அதற்குக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

ஈரோடு: வீட்டில் மிஞ்சும் முட்டை ஓட்டையே போடலாமா? போட்டால் முட்டை குடிக்கப் பழகிவிடும் என்கிறார்கள்.

போடலாம். வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து நன்றாக நொறுக்குங்கள். பாதி ஓட்டை அப்படியே எறிந்தால்தான் வம்பு.

கரூர்: முட்டையில் ஓட்டை போட்டு மிளகாய்த்தூள் நிரப்பி வைத்தேன். அதையும் குடித்துவிட்டது!

குடிக்கத்தான் செய்யும். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. கிளி பழுத்த மிளகாயைத் தின்பதைப் பார்த்ததில்லையா?

திண்டுக்கல்: சூட்டுக்கோலால் அலகு நுனியைச் சுட்டால் விட்டுவிடும் என்று பாட்டி சொல்கிறார்.

வேண்டவே வேண்டாம். அலகு நகம் மாதிரி உணர்ச்சி இல்லாதது அல்ல, நுனிவரை நரம்பு ஓடுகிறது. சுட்டால் வலியில் தீனியே எடுக்காது. பாட்டியிடம் நான் சொன்னதாகச் சொல்லிவிடுங்கள், என்னைத் திட்டட்டும்.

சென்னை: மொட்டை மாடியில் கம்பிக் கூண்டு, நாலு கோழி. அடியில் வெறும் கம்பிதான். இட்ட முட்டை உருண்டு கீறல் விழுகிறது.

ஓரடிக்கு ஓரடி பெட்டி ஒன்று வையுங்கள், நாலு கோழிக்கு அது போதும். வாயகன்ற பழைய மண்பானையைப் படுக்கப் போட்டாலும் சரி. உள்ளே நாலு விரல் உயரத்துக்கு வைக்கோல், முன்னால் சாக்குத் திரை. இருட்டாக இருந்தால் முட்டையைப் பார்த்துக் கொத்துவது குறையும். கோழியை ஏமாற்ற உள்ளே ஒரு போலி முட்டையும் வையுங்கள். அதற்கு டேபிள் டென்னிஸ் பந்தைவிட மர முட்டை நல்லது, கனமாக இருக்கும். கொத்திக் கொத்திப் பார்த்து அலுத்துப்போய் நிறைய கோழிகள் விட்டுவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் பெட்டியின் தளத்தைச் சரிவாக்குங்கள். பலகையின் முன்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்தி, மேலே ரப்பர் பாய் ஒட்டி, பின்பக்கம் முட்டை நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். முட்டை மெதுவாக உருண்டு பின்னால் உள்ள தட்டுக்குப் போய்விடும். தட்டில் துணி போடுங்கள், அலகு எட்டாதபடி மூடிவையுங்கள். என்னைக் கேட்டால், நன்றாகப் பழகிவிட்ட கோழிக்கு உருப்படியான வழி இதுதான்.

யாழ்ப்பாணம்: அண்ணை, அடைக்கு வைத்த கோழி தன் முட்டையையே குடிக்குது. என்ன செய்யலாம்?

எத்தனை முட்டை வைத்தீர்கள்? சிறிய கோழிக்கு 10, 12க்கு மேல் வைத்தால் நெருக்கத்தில் ஒன்றோடொன்று முட்டி உடையும், உடைந்ததைக் குடிக்கும். பசியும் ஒரு காரணம். அடைக்கோழி சரியாக எழும்பாது, அதனால் தீனியும் தண்ணீரும் இரண்டு எட்டுக்குள் இருக்க வேண்டும். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, கரு இல்லாததை எடுத்துவிடுங்கள். குஞ்சு பொரித்த பிறகு ஓட்டைக் கொத்தினால் கவலைப்பட ஒன்றுமில்லை.

விழுப்புரம்: எல்லாம் செய்தாயிற்று ஐயா. அறுத்துவிடலாமா?

இரண்டு வாரம் தனியாக வைத்துக் கிளிஞ்சலும் நல்ல தீனியும் கொடுங்கள். பிறகு ஒரு மர முட்டையை முன்னால் வையுங்கள். ஏறெடுத்துப் பார்க்கவில்லையென்றால் மற்ற கோழிகளோடு விடலாம். பாய்ந்து கொத்தினால் குழம்புதான். சந்தையில் விற்பதானால் குணத்தைச் சொல்லிவிட்டு விற்றுவிடுங்கள்.