மோட்டர் ஓடும்போது சென்சர் அளவு ஆடுகிறது. ஷீல்டை இரண்டு முனையிலும் ஏர்த் பண்ணட்டுமா?

பண்ண வேண்டாம். நீங்கள் ஷீல்ட் கேபிள் (வெளி மின் இரைச்சல் உள்ளே வராமல் காக்க, சிக்னல் கம்பியைச் சுற்றி உலோக உறை போட்ட கேபிள்) போட்டும் ஆட்டம் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன சென்சர் என்று சொல்லவில்லை. மில்லிவோல்ற் கணக்கில் சிக்னல் தரும் லோட் செல் (எடையை மின் சிக்னலாக்குவது), தேர்மோகப்பிள் (சூட்டை அளப்பது) போன்ற ஒன்று என்றும், அந்த மோட்டரை வி.எஃப்.டி. (மோட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஓட்டுகிறது என்றும் எடுத்துக்கொள்கிறேன். எங்களுக்கும் இதே பிரச்சினைதான் வந்தது.

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் மின்வேலை பார்க்கிறேன். சிறுபோக அறுவடை, ஆவணி மாதம். வாசலில் நெல் ஏற்றிய லாண்ட்மாஸ்ரர்கள் (இரண்டு சில்லு உழவு இயந்திரங்கள்) வரிசையாக நிற்கின்றன. நெல் நிறுக்கிற மேடைத் தராசு மூட்டை வைக்காமலே 3 கிலோ, 4 கிலோ என்று ஏறி இறங்குகிறது. உலர்த்தியின் ஊதுகாற்று மோட்டரை நிறுத்தினால் தராசு அமைதியாகிவிடும். ஓடத் தொடங்கினால் மறுபடி ஆட்டம். வரிசையில் நின்ற ஓர் ஐயா என்னிடம் வந்து, "தம்பி, உங்கட தராசு எங்கட வயித்தில அடிக்குது" என்றார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தராசை விற்ற இடத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். பெயர் சொல்ல விரும்பவில்லை. லோட் செல் பழுது என்று சொல்லி இரண்டை மாற்றினார், பில் போட்டார், போய்விட்டார். ஆட்டம் அப்படியே இருந்தது. மோட்டர் நின்றால் அளவு சரியாக வருகிறதே, பிறகெப்படி செல் பழுதாகும் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

கணக்கைப் பாருங்கள். எங்கள் மேடையில் 500 கிலோ செல் நான்கு. கொடுக்கும் ஒவ்வொரு வோல்ற்றுக்கும் முழுச் சுமையில் 2 மில்லிவோல்ற் தரும் வகை. இண்டிகேட்டர் (எடையைக் காட்டும் பெட்டி) கொடுப்பது 5 வோல்ற். ஆகவே மேடையில் முழுசாக 2000 கிலோ ஏற்றினாலும் திரும்பி வருவது 10 மில்லிவோல்ற்தான். ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோவோல்ற், அதாவது ஒரு வோல்ற்றின் பத்து இலட்சத்தில் ஐந்து பங்கு. இந்தச் சிக்னலைக் கொண்டுபோகும் தராசுக் கேபிள், 400 வோல்ற்றை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டி அனுப்புகிற வி.எஃப்.டி.யின் மோட்டர் கேபிளோடு ஒரே குழாயில் 20 மீற்றர் ஓடியது. ஆலை கட்டும்போது யாரோ ஒரு குழாயை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

முதலில் தராசுக் கேபிளை வெளியே எடுத்து, மோட்டர் கேபிளிலிருந்து ஒரு அடிக்கு மேல் தள்ளி வேறு குழாயில் போட்டேன். குறுக்கே கடக்க வேண்டிய ஓர் இடத்தில் நேர் செங்குத்தாகக் கடத்தினேன். அதற்கே ஆட்டம் 4 கிலோவிலிருந்து ஒன்றுக்கு வந்துவிட்டது. நீங்களும் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். செலவு ஒரு குழாயும் அரை நாள் வேலையும்தான்.

மிச்ச ஒரு கிலோதான் உங்கள் கேள்விக்கு உரியது. எங்கள் ஷீல்ட் மேடைப் பக்கம் சந்திப்புப் பெட்டியில் இரும்பில் தொட்டிருந்தது, இண்டிகேட்டர் இருக்கும் பனல் பக்கமும் ஏர்த்தில் கட்டியிருந்தது. மண்ணில் அடித்த ஏர்த் கம்பி மேடைக்குத் தனி, பனலுக்கு வேறு. ஆவணியில் எங்கள் மண் காய்ந்து இறுகிக் கிடக்கும், அலவாங்கு போட்டாலும் இறங்காது. காய்ந்த மண்ணில் ஏர்த்தின் தடை ஏறும். வி.எஃப்.டி. ஏர்த்துக்குள் கசியவிடுகிற மின்னோட்டமும் சேர, இரண்டு ஏர்த் கம்பிக்கும் நடுவில் வோல்ற் வித்தியாசம் வந்துவிடுகிறது. பனல் பக்கம் ஷீல்டைக் கழற்றி, ஷீல்டுக்கும் பனல் ஏர்த்துக்கும் நடுவில் மல்ரிமீற்றர் வைத்தேன். மோட்டர் ஓடும்போது 1.8 வோல்ற் ஏ.சி. காட்டியது. ஷீல்டைத் திரும்ப மாட்டினால் அந்த வோல்ற் அதற்குள்ளாலேயே ஓட்டத்தை ஓட்டும். காக்க வேண்டிய உறையே உள்ளே இருக்கும் கம்பிக்குள் இரைச்சலை ஏற்றும். மழைக்காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லாததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது.

ஷீல்டை இண்டிகேட்டர் பக்கம் மட்டும் ஏர்த்தில் வைத்தேன். மேடைப் பக்கம் இரும்பில் படாமல் ஸ்லீவ் போட்டு மூடினேன். சில லோட் செல்லில் ஷீல்ட் உள்ளேயே உடம்போடு சேர்ந்திருக்கும். மீற்றரால் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அப்படியிருந்தால் அந்த முனையே ஏர்த், இண்டிகேட்டர் பக்கத்தைத் திறந்து விட வேண்டும். அப்புறம் இரண்டு ஏர்த் கம்பிகளையும் தடித்த செப்பு வயரால் சேர்த்துக் கட்டினேன். அளவு அசையாமல் நின்றது.

"இரண்டு முனையிலும் கட்டு என்று புத்தகத்தில் இருக்கிறதே" என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். உயர் அதிர்வெண் இரைச்சலுக்கு அது சரிதான். வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டருக்குப் போகும் பவர் கேபிளின் ஷீல்டை இரண்டு பக்கமும், அதுவும் வால் மாதிரி முறுக்கிக் கட்டாமல் சுற்றிவரப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு, கட்டத்தான் வேண்டும். நான் சொல்வது மெல்லிய சிக்னல் கேபிளைப் பற்றி, ஏர்த் ஒரே மட்டத்தில் இல்லாத ஆலையைப் பற்றி. இன்னொன்று: இரைச்சல் போக வேண்டும் என்று மெசினின் பாதுகாப்பு ஏர்த்தைக் கழற்றி விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஆள் செத்துப்போவார். கழற்றுவது சிக்னல் ஷீல்டின் ஒரு முனையை மட்டும்தான்.

கேள்விக்கு வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தராசு ஆடினால் எனக்கு ஏன் இவ்வளவு நோகிறது என்றால், என் அப்பா வயல் செய்தவர். நெல் எடுக்க வருகிறவர்கள் மூட்டைக்கு 2 கிலோ "சாக்குக் கழிவு" என்று கழிப்பார்கள். நெல் இருப்பதோ வெறும் உரப்பையில். அது 150 கிராம்கூட வராது. அப்பா ஒருநாள் வெறும் பையையே தராசில் போட்டுக் காட்டினார். அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடனுக்கு எண்ணெயும் பசளையும் வாங்கி விதைத்தவர், வேறு யாருக்கு விற்பது? அந்த 2 கிலோ இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது. நான் கை வைத்த தராசு அரைக் கிலோகூடப் பொய் சொல்லக்கூடாது என்று நிற்பது அதனால்தான்.

சரி, உங்கள் விஷயம். மோட்டரை நிறுத்தி ஒரு தடவை, ஓடவிட்டு ஒரு தடவை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஷீல்டின் ஒரு முனையைக் கழற்றி, அந்த முனைக்கும் அங்குள்ள ஏர்த்துக்கும் நடுவில் ஏ.சி. வோல்ற் எவ்வளவு என்று பாருங்கள். கேபிள் எந்தப் பாதையால் போகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.