அடித்தளம் இல்லாத அறம்

கேள்வி: அமெரிக்கத் தத்துவவாதி ரிச்சர்ட் ரோர்ட்டியின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ‘நவ நடைமுறைவாதம்’ என்பது என்ன? முற்றான உண்மை என்று ஒன்று இல்லையென்றால், அநீதியை அநீதி என்று எந்தத் துணிவில் சொல்வது? (கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: ‘நடைமுறைவாதம்’ என்ற சொல், ‘காரியம் ஆனால் சரி’ என்பதுபோல் தமிழில் ஒலிப்பது ஒரு சங்கடந்தான். பெர்ஸ், வில்லியம் ஜேம்ஸ், ஜான் டூயி ஆகிய அமெரிக்கர்கள் வளர்த்த இந்த மரபு கேட்ட கேள்வி வேறு: ஒரு கருத்தை நம்புவதால் நம் செயலில் என்ன மாறுகிறது?

அந்தக் கேள்வியை அனுபவத்திலிருந்து மொழிக்கு நகர்த்தியவர் ரோர்ட்டி (1931–2007); ‘நவ’ என்ற அடைமொழி அதனால்தான். மனம் உலகை அப்படியே காட்டும் கண்ணாடி என்ற பழைய உருவகத்தை அவர் 1979இல் வெளிவந்த ‘தத்துவமும் இயற்கையின் கண்ணாடியும்’ என்ற நூலில் தாக்கினார். உலகம் நம்மைச் சாராமல் இருக்கிறது என்பதை அவர் மறுக்கவில்லை. உண்மை, பொய் என்பவை வாக்கியங்களுக்கு உரியவை, வாக்கியங்களோ மனிதர் ஆக்கியவை, ஆகவே மொழிக்கு வெளியே போய் நின்று எந்த வாக்கியத்தையும் உலகோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது என்றார். மிஞ்சுவது, நாம் ஒருவருக்கொருவர் காரணம் சொல்லிக்கொள்வது மட்டுமே.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவர் 1993இல் ஆக்ஸ்ஃபோர்டில் மனித உரிமை பற்றி ஆற்றிய உரையிலிருந்து விடை தேடலாம். போஸ்னியாவில் முஸ்லிம்களைக் கொன்ற செர்பியர்கள், மனித உரிமையை மீறுகிறோம் என்று நினைக்கவில்லை. தாங்கள் கொல்வோரை மனிதர் கணக்கிலேயே அவர்கள் சேர்க்கவில்லை. அத்தகையவரிடம் ‘எல்லா மனிதருக்கும் பகுத்தறிவு பொது’ என்று நிரூபித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்நியர் ஒருவரின் துயரத்தை அருகிருந்து காட்டும் கதைகளே, ‘நம்மவர்’ என்ற வட்டத்தை அகலப்படுத்தும் என்பது ரோர்ட்டியின் வாதம். கொடுமையே நாம் செய்யக்கூடிய ஆக மோசமான செயல் என்று கருதுபவரே தாராளவாதி என்ற அரசியல் சிந்தனையாளர் ஜூடித் ஷ்க்லாரின் வரையறையையும் அவர் ஏற்றுக்கொண்டார். அந்தக் கருத்துக்கு அடித்தளம் உண்டா என்றால், இல்லை என்பார். இல்லாவிட்டாலும் அதற்காக உயிரையும் கொடுக்கலாம் என்பார்.

இங்கேதான் எனக்கு ஒரு தயக்கம். அப்படியானால், வலியவரின் மனம் இளகும்வரை எளியவர் காத்திருக்க வேண்டுமா? இந்த எண்ணம் நமக்குக் கசக்கும் என்று ரோர்ட்டியே ஒப்புக்கொண்டார். கசப்பை மாற்ற அவரிடம் மருந்தில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டூயியிடம் படித்த அம்பேத்கர், ‘சாதி ஒழிப்பு’ (1936) உரையில் தம் ஆசிரியரை மேற்கோள் காட்டுகிறார். ஆனால் 1927இல், தலித்துகளுக்கு மறுக்கப்பட்டிருந்த மகாராஷ்டிரத்து மகத் ஊர்க் குளத்து நீரை அள்ளிக் குடிக்க அவர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்றபோது, எவருடைய இரக்கத்துக்கும் காத்திருக்கவில்லை. ரோர்ட்டியையும் அம்பேத்கரையும் சேர்த்துப் படிப்பவருக்கே நடைமுறைவாதத்தின் அரசியல் முழுமையாகப் பிடிபடும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: டிரம்ப்பின் வெற்றியை ரோர்ட்டி முன்கூட்டியே சொன்னாராமே? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: பெயரைச் சொல்லவில்லை. வேலையும் நம்பிக்கையும் இழந்த தொழிலாளர்கள் ஒருநாள் ஒரு ‘பலசாலித் தலைவரை’த் தேடிப் போவார்கள் என்று 1998இல் வெளிவந்த ஒரு நூலில் எழுதினார், 2016 தேர்தலுக்குப் பின் அந்தப் பக்கம் உலகெங்கும் பகிரப்பட்டது. பகிர்ந்தவர்களில் பலர் கவனிக்காதது ஒன்று உண்டு: கூலி, தொழிற்சங்கம் பற்றிய பேச்சை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகங்களுக்குள் பண்பாட்டு விமர்சனத்தோடு ஒதுங்கிக்கொண்ட இடதுசாரிகளைத்தான் அந்நூல் அதிகம் கடிந்துகொள்கிறது.