விற்றமின் டி குறைந்தால் இதயத்துக்கு ஆபத்தா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வயது 27. வங்கி வேலை. எந்நேரமும் அலுப்பாக இருக்கிறதென்று இரத்தம் சோதித்ததில் விற்றமின் டி 14 என்று வந்தது. இது குறைந்தால் மாரடைப்பும் சீனி வியாதியும் வரும் என்று முகநூலில் போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. குளிசை போட்டால் நான் தப்பலாமா? – வாசகர், கல்லடி

பதில்: முதலில் அந்த 14க்குப் பக்கத்தில் எந்த அலகு இருக்கிறது என்று பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் ஒரு மில்லிலீற்றருக்கு இத்தனை நானோகிராம் என்று தரும், சில ஒரு லீற்றருக்கு இத்தனை நானோமோல் என்று தரும். நானோகிராம் கணக்கை 2.5ஆல் பெருக்கினால் நானோமோல் கணக்கு வரும். உங்களுடையது 14 நானோகிராம் என்றால் அது 35 நானோமோல். குறைவுதான், ஆனால் பதறத் தேவையில்லை. 14 நானோமோல் என்றால் 6 நானோகிராம்கூட இல்லை. அது எலும்பை மென்மையாக்கக்கூடிய அளவு, உடனே வைத்தியரைப் பாருங்கள்.

எலும்புக்கு 20 நானோகிராம் போதும் என்பது 2011இல் அமெரிக்காவின் இன்ஸ்ரிரியூட் ஒஃப் மெடிசின் வகுத்த அளவு. அதே ஆண்டில் ஹோர்மோன் வைத்தியர்களின் அமைப்பான எண்டோகிரைன் சொசைற்றி 30 வேண்டும் என்றது. 2024இல் அந்தச் சொசைற்றியே 30 என்ற இலக்கைக் கைவிட்டு, நோய் அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையை வழமையாகச் செய்யத் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டது. பல அறிக்கைகளில் இன்னும் பழைய 30தான் கீழ் எல்லை. அதனால் 24 வந்தவரும் ‘குறைவு’ என்ற அடையாளத்தைப் பார்த்து நித்திரை கெடுகிறார்.

இனி இதயம். விற்றமின் டி குறைந்தவர்களிடம் இரத்த அழுத்தமும் நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் குளிசை கொடுத்து அளவை ஏற்றினால் அவை குறைகின்றனவா என்று பார்த்த பெரிய ஆய்வுகளின் முடிவு வேறு. 18 முதல் 50 வயது வரையான, அழுத்தம் சற்றுக் கூடிய, விற்றமின் டி குறைந்த 534 பேரிடம் நடந்த ‘டேலைற்’ ஆய்வில், தினம் 4,000 அலகு (குளிசை மட்டையில் IU என்று இருக்கும்) ஆறு மாதம் எடுத்தவர்களின் அழுத்தம் 400 அலகு எடுத்தவர்களுடையதைவிடக் குறையவில்லை. ‘வைற்றல்’ ஆய்வில் 25,871 பேர். அவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள். தினம் 2,000 அலகு, ஐந்து வருடத்துக்கு மேல். மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. நீரிழிவின் விளிம்பில் நின்ற 2,423 பேருக்கு 4,000 அலகு கொடுத்த 2019ஆம் ஆண்டு ஆய்வில் சிறிய குறைவு தெரிந்தது, ஆனால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவுதான்.

அப்படியென்றால் விற்றமின் டி குறைவும் இந்த நோய்களும் ஏன் சேர்ந்து காணப்படுகின்றன? நாள் முழுக்க குளிரூட்டிய அறையில் கதிரையில் இருப்பவருக்கு வெயிலும் இல்லை, நடையும் இல்லை. வயிற்றில் கொழுப்பு ஏறினால் விற்றமின் டி அதற்குள் பரந்துபோய் இரத்தத்தில் குறைந்து தெரியும். ஒரே வாழ்க்கை முறை இரண்டையும் கொண்டுவருகிறது. ஆகவே வைத்தியர் சொல்லும் குளிசையை எலும்புக்காகப் போடுங்கள், இதயத்தை அதன் பொறுப்பில் விடாதீர்கள். அலுப்புக்கும் அதுதான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். ஹீமோகுளோபினும் தைரொயிட்டும் பார்க்கப்பட்டனவா?

உங்கள் கடிதத்தில் எங்களுக்கு 14ஐவிடப் பெரிதாகப் பட்டது அப்பாவின் 52தான். தகப்பனுக்கோ சகோதரனுக்கோ 55க்கு முன், தாய்க்கோ சகோதரிக்கோ 65க்கு முன் இதய நோய் வந்திருந்தால் அதைக் குடும்ப ஆபத்தாகக் கணக்கெடுக்க வேண்டும். இந்த மாதமே நான்கைப் பாருங்கள்.

இடுப்புச் சுற்றளவு: தையல்காரரின் அளவு நாடா போதும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சேட்டைத் தூக்கிவிட்டு, மூச்சை இயல்பாக வெளியே விட்ட பிறகு அளக்கவும். காற்சட்டை கட்டுமிடத்தில் அளந்தால் தொப்பைக்குக் கீழே போய்விடும், பல சென்ரிமீற்றர் குறைத்துக் காட்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. இரத்த அழுத்தம்: தேத்தண்ணியோ சிகரெட்டோ அரை மணி நேரத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சாய்ந்திருந்து, கையை இதய மட்டத்தில் மேசையில் வைத்து, இரண்டு தடவை. கையைத் தொங்கவிட்டால் அளவு கூடிக் காட்டும். வெறும் வயிற்றுச் சீனி (இதிலும் கொலஸ்ட்ரோலிலும் ஒரு டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு): 100க்குக் கீழ் நல்லது, 100 முதல் 125 வரை விளிம்பு, 126உம் அதற்கு மேலும் மறு சோதனையிலும் வந்தால் நீரிழிவு. நான்காவது கொலஸ்ட்ரோல். அதில் ட்ரைகிளிசரைட் 150க்கு மேலும், நல்ல கொலஸ்ட்ரோல் ஆணுக்கு 40க்குக் கீழும் என்றால் சோற்றின் அளவையும் சீனி போட்ட தேத்தண்ணியையும் பற்றி வைத்தியரிடம் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: தினமும் காலை ஆறு மணிக்குக் கடற்கரையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். காலை வெயிலில்தான் விற்றமின் டி இருக்கிறதாம். பிறகும் ஏன் 17 நானோகிராம்? – வாசகர், பாசிக்குடா

பதில்: நடையை விட வேண்டாம், இதயத்துக்கு அது நல்லது. விற்றமின் டிக்கு மட்டும் அந்த நேரம் உதவாது. தோலில் அதை உண்டாக்குவது புற ஊதா ‘பி’ கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அந்தக் கதிர் வளிமண்டலத்தில் நீண்ட தூரம் வந்து வடிகட்டப்படுகிறது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் கட்டையாக இருக்கும் நேரம்தான் வேலைக்காகும். நம்ம பக்கத்தில் டிசம்பரில்கூட ஏறத்தாழ காலை 10 முதல் பிற்பகல் 2 வரை அது கிடைக்கும், ஜூனில் இன்னும் முன்பே தொடங்கும். மாரிமழை முகில் அடர்ந்த நாட்களைக் கணக்கில் எடுக்க வேண்டாம். யன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வெயில் காய்ந்தாலும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை மறித்துவிடும்.

பத்து, பத்தரைக்கு முழங்கையும் முழங்காலும் தெரிய 15 முதல் 30 நிமிடம், கிழமைக்கு மூன்று நான்கு நாள் போதும். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம், வெளிர் தோலுக்குக் குறைவு. தோல் எரிய விட வேண்டாம். கச்சான் வீசும் மாதங்களில் நடுப்பகலைத் தவிருங்கள், அந்த வெக்கையில் விற்றமினுக்கு முன் தலைச்சுற்றுத்தான் வரும்.

கேள்வி: வெளியே போகும்போது முழுதாக மூடிய உடை. வீட்டில் மீன் தாராளம். எனக்குக் குளிசை தேவையா? – வாசகி, சாய்ந்தமருது

பதில்: துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும், ஆகவே உங்களுக்கு வெயிலில் கிடைப்பது கொஞ்சம்தான். சுற்றுமதில் உள்ள வளவிலோ மொட்டை மாடியிலோ கையும் காலும் திறந்து இருக்க முடிந்தால் மேலே சொன்ன நேரமே. முடியாவிட்டால் 70 வயது வரை ஒருவருக்குத் தேவையான 600 அலகைச் சிறு குளிசையாகவே எடுக்கலாம். மீனைப் பொறுத்தவரை எந்த மீன் என்பதுதான் கேள்வி. சாளை, சூடை, கும்பளா போன்ற கொழுப்புள்ள மீன்களில் இருக்கிறது. இறாலில் மிகக் குறைவு. 100 கிராம் ரின் சாளையில் சுமார் 200 அலகு, ஒரு முட்டை மஞ்சட்கருவில் சுமார் 40. ஆகவே மீன் மட்டும் நாள் கணக்கை நிரப்பாது. ஆணமாக்கிக் குழம்போடு சாப்பிடுங்கள், பொரித்தால் ஒரு பகுதி எண்ணெயோடு போய்விடும். கர்ப்பமாக இருந்தால் கிளினிக்கில் சொல்லிவிட்டு எடுங்கள்.

கேள்வி: 50,000 அலகுக் குளிசை எழுதித் தந்தார்கள். மகன் தினமும் ஒன்றாகப் பதினொரு நாள் போட்டுவிட்டான். – வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உடனே நிறுத்துங்கள். அது பெரும்பாலும் கிழமைக்கு ஒன்று, எட்டுக் கிழமை என்று எழுதப்படுவது. பாமசி உறையில் ‘கிழமைக்கு’ என்று தெளிவாக எழுதாதபோது இந்தத் தவறு நடக்கிறது. வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் பெரியவர் ஒருவர் தொடர்ந்து எடுக்கக்கூடிய உச்சம் நாளுக்கு 4,000 அலகு. மிகைப்பட்டால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், ஓங்காளம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அறிகுறி இல்லாவிட்டாலும் இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கல்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் பாருங்கள். குளிசை மட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். இந்த விற்றமின் கொழுப்பில் தேங்குவதால் நிறுத்திய பிறகும் சில கிழமைகள் உடம்பில் நிற்கும். கல்சியக் குளிசை இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

கேள்வி: அம்மாவின் அல்பாகல்சிடோல் குளிசையும் விற்றமின் டிதானே, நானும் போடலாமா? – வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: கூடாது. அது பெரும்பாலும் சிறுநீரக நோயாளருக்குத் தரும் வேறு வடிவம். கல்சியத்தை வேகமாக ஏற்றும், ஆனால் உங்கள் சோதனையில் பார்க்கும் அளவை உயர்த்தாது.

கேள்வி: எடை 98 கிலோ. மூன்று மாதம் 1,000 அலகு போட்டும் 16இலிருந்து 19க்குத்தான் வந்தது. முடி கொட்டுவதற்கும் ஒரு குளிசை எடுக்கிறேன். – வாசகர், ஏறாவூர்

பதில்: எடை கூடியவருக்கு அதே அளவு குறைவாகத்தான் ஏறும். இரண்டு மூன்று மடங்கு தேவைப்படலாம், அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். வெறும் வயிற்றில் போடுகிறீர்களா? மத்தியானச் சோற்றோடு, கறியில் கொஞ்சம் எண்ணெய் உள்ள நேரம் போடுங்கள். முடிக்குளிசையில் பெரும்பாலும் பயோட்டின் என்ற விற்றமின் இருக்கும். சில இயந்திரங்களில் அது விற்றமின் டி அளவைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். அடுத்த சோதனைக்கு மூன்று நாளுக்கு முன் அதை நிறுத்தி, இரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். வலிப்புக்கு ஃபெனிற்றோயினோ, காசத்துக்கு றிஃபாம்பிசினோ எடுப்பவர்களுக்கும் அளவு இலேசில் ஏறாது. அடுத்த சோதனை இன்னொரு மூன்று மாதத்துக்குப் பிறகு. அதற்கு முன் செய்தால் காசுதான் போகும், அந்தக் காசில் வெறும் வயிற்றுச் சீனியைப் பார்த்துவிடுங்கள்.