தூர் கட்டுதல்

அன்புள்ள ஐயா,

திருவாரூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. வகுப்பில் 'டில்லரிங்', 'டில்லரிங்' என்று சொன்னார்கள். எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். ராத்திரி விடுதியில் போனில் தேடினால், நம் நெற்பயிர் அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விட்டுத் தூர் கட்டுவதுதான் அது! சின்ன வயசிலிருந்து வயலில் பார்ப்பது. அழுகை வந்துவிட்டது. அப்பாவிடம் நன்றாக இருக்கிறேன் என்றே சொல்கிறேன். ஊருக்கே போய்விடலாமா?

பெயர் வேண்டாம்

அன்புள்ள தங்கைக்கு,

போக வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

தெரியாத விஷயத்துக்கு யாரும் அப்படி அழமாட்டார்கள். கூடவே வளர்ந்த ஒன்று வேறு பெயரில் வந்து நிற்க, அடையாளம் தெரியாமல் விட்டுவிட்டோமே என்றுதான் அந்த அழுகை. நானும் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் போனவன். அன்று கேட்காமல் விட்ட சொற்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

ஒரு நோட்டுப் போடுங்கள். வகுப்புச் சொல் ஒரு பக்கம், ஊர்ச் சொல் எதிர்ப்பக்கம். நர்சரி, நாற்றங்கால். மில்க் ஸ்டேஜ், பால் பிடிப்பது. பிரவுன் பிளான்ட் ஹாப்பர், புகையான். அடுத்த சொல் புரியாதபோது எழுந்து, "எங்கள் ஊரில் இப்படிச் சொல்வோம், அதுவா?" என்று கேளுங்கள். குரல் நடுங்கும். நடுங்கினாலும் கேளுங்கள். ஆங்கிலம் சரளமாக வரும் பிள்ளைகள் பலர் தூரைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார்கள். ஒரு நெற்குத்தைப் பிரித்து எத்தனை தூர் என்று எண்ணிக் காட்ட உங்களால் முடியும்.

அந்த இடம் உங்களுக்கு அந்நியமும் இல்லை. 1868-ல் சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு இடம்பெயர்ந்த கல்லூரி அது. உங்கள் பக்கம் குறுவைக்கு விதைக்கும் ஆடுதுறை 43 நெல் அந்தப் பல்கலைக்கழகத்தின் ரகம்தான்.

இதைவிடக் கடினமான ஒன்று இனிமேல் வரும். வீட்டில் செய்வது தவறு என்று ஒருநாள் வகுப்பில் சொல்வார்கள். பயிர் கரும்பச்சையாக நின்றால்தான் மனசு நிறைகிறது என்று யூரியாவை ஒரு கை கூடவே போடுகிறவர்கள் நம் ஊர்களில் உண்டு. யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சினால் புகையான் பூச்சி பெருகும். இலை வண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பச்சையை ஒப்பிட்டுப் பார்த்து, தேவைக்கு மட்டும் போடச் சொல்லித் தருவார்கள். அப்பாவையே குறை சொல்வது போலச் சுருக்கென்று இருக்கும். சொல் புரியாத கஷ்டம் சில மாதங்களில் தீர்ந்துவிடும். இந்த இரண்டாவது வலியைத்தான் நான் மாற்றம் என்பேன். அதற்கு இடம் கொடுங்கள். அந்த அட்டையை விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துப் போங்கள். அப்பாவோடு வரப்பில் நின்று சேர்ந்து பாருங்கள்.

இன்று ராத்திரி போன் பேசும்போது நன்றாக இருக்கிறேன் என்று தொடங்க வேண்டாம். சம்பாவுக்கு நாற்று விட்டாச்சா என்று கேளுங்கள். பிறகு, வகுப்பில் தூர் கட்டுவதைப் பற்றி நடத்தினார்கள், எனக்குப் புரியவில்லை என்று சொல்லுங்கள். அவர் பேசட்டும்.