வெளிநாட்டில் இருக்கும்போது குழந்தையை இழந்தவர்கள் ஆதரவை எங்கே தேடுவது?

ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தையை இழந்துவிட்டீர்கள் என்றும், வெளிநாட்டில் கணவரைத் தவிர அருகில் வேறு யாரும் இல்லை என்றும், யாரிடம் போய் நிற்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் துயரத்தில் நானும் பங்குகொள்கிறேன். பெற்றோரையும் உறவினரையும் விட்டு வெகுதூரத்தில் வாழ்ந்த காலத்தில், பிரசவத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது என் மகனை இழந்தவள் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

இத்தகைய நேரத்தில் இரண்டு விதமான துணை வேண்டியிருக்கிறது. மருத்துவமனை, பதிவு, விடுப்பு, இறுதிச் சடங்கு ஆகியவற்றை அந்த நாட்டின் நடைமுறை தெரிந்தவர்களால்தான் முடித்துத் தர இயலும். குழந்தையைப் பற்றிப் பேசி அழுவதற்கோ தாய்மொழியில் கேட்கும் ஒருவர் வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும், தனித்தனியாகத் தேடுங்கள்.

முதலில், பிரசவம் பார்த்த மருத்துவமனையைத் தொடர்புகொண்டு, குழந்தையை இழந்த பெற்றோருக்கு உதவுவதற்கென்று செவிலியரோ சமூகப் பணியாளரோ இருக்கிறாரா என்று கேளுங்கள். பல நாடுகளில் அப்படி ஒருவர் இருப்பார். ஆனால் வீடு திரும்பியபின் அவராகவே உங்களைத் தேடி வருவார் என்று சொல்ல முடியாது. அந்த நாட்டு மொழியில் மருத்துவர் சொல்வது முழுமையாகப் புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். அந்தப் பொறுப்பைக் கணவர் தலையில் சுமத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிரேதப் பரிசோதனை முடிவையும் நஞ்சுக்கொடிப் பரிசோதனை முடிவையும் விளக்கும் சந்திப்பில் அவரும் குழந்தையை இழந்த தகப்பனாகத்தான் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் வாயால் உங்களுக்குத் திருப்பிச் சொல்லும்படி அவரை ஆளாக்குவது கொடுமை. பிரசவித்த தாய்க்குரிய உடல் பரிசோதனைகள் அனைத்தும் உங்களுக்கும் உரியவை என்பதையும் மறக்காதீர்கள். குழந்தை இல்லாதபோதும் பால் சுரக்கும். மார்பு சிவந்து வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எந்த நாடு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆறாம் மாத இழப்பு என்பதால் அது முக்கியமாகிறது. ஏனெனில் எத்தனை வாரத்துக்குப் பிறகு நேர்ந்தால் அது குழந்தை இறந்து பிறந்ததாகக் கணக்கிடப்படும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் 24 வாரம். ஆஸ்திரேலியாவில் 20 வாரம் அல்லது 400 கிராம் எடை. பதிவுச் சான்றும், பல இடங்களில் விடுப்பும் இந்த எல்லையைப் பொறுத்தவை. இங்கிலாந்தில் 24 வாரத்துக்கு முன் குழந்தையை இழந்தவர்களும் 2024 பிப்ரவரி முதல் அரசிடம் ஒரு சான்றிதழைக் கேட்டுப் பெறலாம். நியூசிலாந்தில் கருச்சிதைவுக்கும் மூன்று நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 2021இல் சட்டமானது. உங்களுக்கு என்ன உரிமை உண்டு என்பதை அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 1978 முதல் இயங்கும் சாண்ட்ஸ், அமெரிக்காவில் ஷேர், ஆஸ்திரேலியாவில் ரெட் நோஸ் ஆகிய அமைப்புகள் இந்தத் துயரத்தில் இருக்கும் பெற்றோருக்கு உதவுகின்றன. பிரசவத்தை ஒட்டிய காலத்தில் பெற்றோரின் மனநலத்துக்கு உதவும் போஸ்ட்பார்ட்டம் சப்போர்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இணையவழிக் குழுக்களைக் கட்டணமின்றி நடத்துகிறது. குழுவில் சேர்ந்த உடனேயே பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதே சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. சாண்ட்ஸ் வழியாகக் குழந்தையை இழந்த தந்தையர் கூடிக் கால்பந்து விளையாடும் அணிகள் 2018 முதல் உருவாகியிருக்கின்றன. எதிரெதிரே அமர்ந்து மனம்விட்டுப் பேசத் தயங்கும் ஆண்களுக்கு அது மிகவும் பொருத்தமான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

தாய்மொழியில் பேசுவதற்கு நிறையப் பேர் தேவையில்லை, ஒருவர் போதும். அவர் அம்மாவாகவோ அக்காவாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. "கையில் எடுத்து வளர்ப்பதற்கு முன்பே போனது நல்லதாயிற்று", "அடுத்த வருடமே இன்னொன்று பிறக்கும்" என்று நெருங்கிய உறவினர்களே தொலைபேசியில் சொல்வார்கள். அன்பினால்தான் சொல்கிறார்கள்; ஆனாலும் அந்த நேரத்தில் அதைக் கேட்கும் கடமை உங்களுக்கு இல்லை. உறவினர் அனைவருக்கும் செய்தி சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, குழந்தைக்கு நீங்கள் வைத்திருந்த பெயரைத் தயங்காமல் உச்சரிக்கிற தோழியை மட்டும் அழையுங்கள். இணையவழியில் தமிழில் பேசும் உளவியல் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். கர்ப்பகால இழப்பில் அவர்களுக்கு அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

உடல் அசந்தும் தூக்கம் வராத நிலை நாள்கணக்கில் நீடித்தாலோ, எழுந்து குளிப்பதுகூட இயலாமல் போனாலோ, குழந்தையை இழந்த துக்கம் இப்படித்தான் இருக்கும் என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு குழந்தையை இழந்த தாய்க்கும் வரும், அதற்குச் சிகிச்சை உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தால், எந்த நேரமாக இருந்தாலும் கணவரை எழுப்பிச் சொல்லிவிட்டு, அந்த நாட்டின் அவசர உதவி எண்ணை அழையுங்கள்.